முதுமைக் காலச் சேமிப்பை எங்கே வைப்பது?

மாதச் சம்பளம் பெற்று, பணிக்காலம் முடிந்ததும் ஓய்வூதியம் பெறுகின்றவர்க்கு முதுமையைப் பற்றிய கவலை ஓரளவு குறைவு. தறியில் அமர்ந்து உழைக்கும் நெசவாளருக்கும், நிலத்தை நம்பி வாழும் குடியானவருக்கும் அந்த நிலை இல்லை. கண் பார்வை மங்கினால் அறுந்த இழையைக் கூட்ட இயலாது. முழங்கால் ஓய்ந்தால் வரப்பில் நடப்பதும் கடினம். உழைக்கும் உடலே இவர்களுடைய மூலதனம். அது தேயும் காலத்தில் அதன் இடத்தில் நின்று சோறு போட வேண்டியது சேமிப்பு ஒன்றே. அரசாங்கம் வழங்கும் முதியோர் உதவித் தொகை உண்டெனினும், அது சிறு துணையே ஆகும்.

சிக்கனத்தின் பெருமையை நம் உறுப்பினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அரைக்காசையும் வீணாக்காமல் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். கடினமானது அதற்கடுத்த படி. முப்பது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்ததை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் இடறி விழுகின்றனர். பணத்தை வைக்குமுன் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: “வட்டி எவ்வளவு?” இக்கேள்வி தவறானதன்று, ஆனால் முதலாவதாகக் கேட்கத் தக்கதன்று. அதற்கு முன் மூன்று கேள்விகள் உள்ளன. இந்தப் பணத்திற்கு யார் பொறுப்பு? இது எனக்கு எப்போது வேண்டியிருக்கும்? அன்றைக்கு இது எதை வாங்கும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே வட்டியைப் பற்றிப் பேச வேண்டும். நூலின் சாயம் நிற்குமா என்று பாராமல் பாவு ஓட்டும் நெசவாளர் இல்லை. முளைப்புப் பாராமல் விதைக்கும் குடியானவரும் இல்லை. அதே கவனம் பணத்திற்கும் வேண்டும்.

பணத்திற்கு யார் பொறுப்பு?

பெயரையும் பழமையையும் கண்டு பணம் கொடுத்தவர்கள் அடைந்த துன்பத்திற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் செல்வாக்குடன் விளங்கிய நிறுவனம் அது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த பல குடும்பங்கள் வீதிக்கு வந்தன. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1907-இல் இந்தியன் பாங்கு தோன்றியது. பின்னர் 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டபோதும் சிறு சேமிப்பாளர்களே பெரிதும் வருந்தினர். அதன் பயனாக 1961-இல் டிபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்த இன்ஷூரன்ஸைப் பற்றி உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம். ஒரு பாங்கு முறிந்தால், ஒவ்வொரு டிபாசிட்தாரருக்கும் ஒரு வரம்பு வரை பணம் கிடைக்கும். 1962-இல் அவ்வரம்பு 1,500 ரூபாய். 1993-இல் 1 லட்சம். 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆக்கப்பட்டது. அசலும் வட்டியும் சேர்ந்தே இவ்வரம்பு. ஒரே பாங்கின் பல கிளைகளில் ஒருவர் தம் பெயரில் பிரித்து வைத்தாலும் அனைத்தும் ஒன்றாகவே கூட்டப்படும். வேறு வேறு பாங்குகளில் வைத்தால் தனித்தனி வரம்பு உண்டு. பணம் எடுப்பதை ரிசர்வ் பாங்கு தடை செய்யும் நிலை ஏற்பட்டால், 90 நாட்களுக்குள் இத்தொகையை வழங்க வேண்டும் என 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1968-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் கூட்டுறவு பாங்குகளும் இந்தப் பாதுகாப்பிற்குள் வரலாயின.

இப்பாதுகாப்பு ஏன் வேண்டும் என்பதை 2019 செப்டம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப்-மகாராஷ்டிரக் கூட்டுறவு பாங்கு, தன் கடனில் பெரும்பகுதியை ஒரே கட்டடக் குழுமத்திற்கு வழங்கியிருந்தது வெளிப்பட்டது. முதலில் ஒரு கணக்கிற்கு 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. 2022 ஜனவரியில் அந்த பாங்கு வேறொரு பாங்குடன் இணைக்கப்பட்டது. 5 லட்சத்திற்கு மேல் வைத்திருந்தவர்கள் மிகுதித் தொகையைப் பெறப் பத்தாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அரசாங்கத்தின் பெயரோடு தொடர்புடைய எல்லாவற்றிற்கும் அரசாங்கம் பொறுப்பேற்கும் என்பதும் பிழையான எண்ணம். பாராளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த யூனிட் டிரஸ்ட், 1964 ஜூலையில் ‘யூனிட் 64’ திட்டத்தைத் தொடங்கிற்று. ஓய்வு பெற்றவர்கள் பலர் அதை பாங்கு டிபாசிட் போலவே கருதினர். ஆனால் அத்திட்டத்தின் பணம் பெருமளவு பங்குகளில் இறங்கியிருந்தது. பங்கு விலைகள் வீழ்ந்த நிலையில், 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திருப்பி வாங்குவதை அந்நிறுவனம் நிறுத்தி வைத்தது. பின்னர் அரசாங்கம் தலையிட்டு, 2003-இல் நூற்றுக்கு 6.75 வட்டியுள்ள பத்திரங்களாக அவற்றை மாற்றிக் கொடுத்தது. ஆகவே பெயர்ப் பலகையைப் பார்த்து நின்றுவிடாமல், பொறுப்பு யாருடையது என எழுத்தில் உள்ளதைப் படித்தறிதல் வேண்டும். அஞ்சலகச் சேமிப்புத் திட்டங்களுக்கு மத்திய அரசாங்கமே நேரடிப் பொறுப்பு.

நம் சங்கத்தில் வைத்துள்ள பணம்

இங்கு ஓர் உண்மையை ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாநிலக் கூட்டுறவு பாங்கு, மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கு, நகரக் கூட்டுறவு பாங்கு ஆகியவற்றில் உள்ள டிபாசிட்டுகளுக்கு மேற்கூறிய இன்ஷூரன்ஸ் உண்டு. கிராமங்களிலுள்ள தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் வைக்கும் பணத்திற்கு அது கிடையாது. 2021 நவம்பரில் ரிசர்வ் பாங்கே இதைப் பொதுமக்களுக்கு அறிவித்து, ‘பாங்கு’ என்ற சொல்லைத் தம் பெயரில் சேர்த்துக்கொள்ளும் சங்கங்களைப் பற்றி எச்சரித்தது. சில மாநிலங்களில் தனி ஏற்பாடு உண்டு. கேரளத்தில் இதற்கென டிபாசிட் உத்தரவாத நிதி வாரியமே அமைந்துள்ளது. தம் சங்கம் அத்தகைய ஏற்பாடு எதிலேனும் சேர்ந்துள்ளதா என்பதை ஒவ்வோர் உறுப்பினரும் செயலாளரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டும்.

ஏற்பாடு இருந்தும் தொல்லை நேர்வதுண்டு. 2021-இல் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த கருவன்னூர் சேவைக் கூட்டுறவு பாங்கில் பல கோடி ரூபாய்க் கடன் முறைகேடு வெளிவந்தபோது, தம் பணத்தை உரிய காலத்தில் பெற இயலாமல் டிபாசிட்தாரர் பலர் தவித்தனர்.

இதைச் சொல்வதால் சங்கத்தில் பணம் வைக்கலாகாது என்பது கருத்தன்று. 1904-இல் காஞ்சிபுரத்திலும் திரூரிலும் தொடங்கிய நம் இயக்கம், உறுப்பினர் ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையால் வளர்ந்தது. அந்த நம்பிக்கைக்கு விழித்திருக்கும் கண்ணும் தேவை. சங்கத்தில் பணம் வைத்திருப்பவர் ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்குச் செல்ல வேண்டும். ஐந்தொகையையும் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தவணை தவறிய கடன் எவ்வளவு, கடன் ஒருசிலர் கையிலேயே குவிந்துள்ளதா, தணிக்கை முடிந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற மூன்றையும் வினவினால் சங்கத்தின் உடல்நிலை விளங்கிவிடும். எழுந்து கேட்பதற்கு உரிமையுள்ளவர் கேளாதிருந்தால் பின்னர் வருந்திப் பயனில்லை. முதுமைக்கென வைத்துள்ள பணம் முழுவதையும் ஒரே சங்கத்தில் வைக்காமல், அவசரத் தேவைக்குரிய பகுதியை மட்டும் அங்கு வைத்தல் அறிவுடைமையாகும். பங்குத் தொகையையும் டிபாசிட்டையும் ஒன்றெனக் கருதலாகாது. பங்குத் தொகை சங்கத்தின் முதல். நட்டம் வந்தால் அதை முதலில் தாங்குவது அதுவே.

எப்போது வேண்டியிருக்கும்?

ஒரே பணம் எல்லா வேலைக்கும் உதவாது. வீட்டிலுள்ள நெல்லை உண்ணும் நெல், விற்கும் நெல், விதை நெல் எனப் பிரிப்பதுபோல் சேமிப்பையும் பிரிக்க வேண்டும். ஓராண்டிற்குள் தேவைப்படக் கூடியது, ஐந்தாறு ஆண்டில் தேவைப்படுவது, பத்தாண்டிற்குப் பிறகே தொடக் கூடியது என மூன்று பகுதிகள்.

மருத்துவம், மழை பொய்த்த பருவம், தறி ஓடாத மாதங்கள் ஆகியவற்றிற்கானது முதல் பகுதி. ஆறு மாதக் குடும்பச் செலவிற்குச் சமமான தொகை சேமிப்புக் கணக்கில் இருந்தால், அவசரத்தில் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியிராது.

நடுப்பகுதிக்கு ஐந்தாண்டு அஞ்சலகப் பத்திரங்களும், பாங்குகளின் நிரந்தர டிபாசிட்டுகளும் ஏற்றவை. 60 வயது நிறைந்தவருக்கு 2004-இல் தொடங்கப்பட்ட மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உள்ளது. 2023 ஏப்ரலில் அதன் வரம்பு 30 லட்சமாகவும், வட்டி நூற்றுக்கு 8.2 ஆகவும் உயர்த்தப்பட்டன. வட்டி மூன்று மாதத்திற்கு ஒருமுறை கைக்கு வரும். 1 லட்சத்திற்கு 8.2 வீதம் ஒவ்வொரு காலாண்டும் 2,050 ரூபாய். சேர்ந்த நாளில் உள்ள வட்டியே ஐந்தாண்டும் நிலைக்கும்.

மூன்றாம் பகுதிக்குப் பொதுச் சேம நிதி எனப்படும் 15 ஆண்டுத் திட்டம் உண்டு. 1968-இல் தொடங்கிய இதில் ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1½ லட்சம் வரை கட்டலாம். கடன்காரர் வழக்குத் தொடுத்தாலும் நீதிமன்றம் இத்தொகையை ஜப்தி செய்ய இயலாது என்பது இதன் தனிச் சிறப்பு. 18 முதல் 40 வயது வரையுள்ளவர்க்கு, 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம் திறந்துள்ளது. வருமான வரி செலுத்துவோர் மட்டும் 2022 அக்டோபர் முதல் இதில் சேர இயலாது. 60 வயதிற்குப் பின் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்ந்தவர் மாதம் 210 ரூபாயும், 30 வயதில் சேர்ந்தவர் 577 ரூபாயும், 40 வயதில் சேர்ந்தவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டும். காலந்தாழ்த்துவதன் விலையை இவ்வெண்களே உரைக்கின்றன. கூட்டுறவு நெசவாளர்க்குக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசின் பங்கையும் சேர்த்து வளர்க்கும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டமும் நம் மாநிலத்தில் உண்டு. அதில் தம் கணக்கில் எவ்வளவு சேர்ந்துள்ளது என அறிந்து வைத்திருத்தல் கடமை.

நிலமும் நகையும் நம் மக்கள் நம்பும் முதலீடுகள். நிலம் மதிப்புடையது, எனினும் மருத்துவமனைச் செலவிற்கு அவசரமாக அரைக் குழி நிலத்தை விற்க இயலாது. நகையை அவசரத்திற்கு அடகு வைக்கலாம். ஆயினும் செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே போய்விடுகின்றன. தங்கத்தின் விலை என்றும் ஏறிக்கொண்டே போகும் என்பதும் உறுதியன்று. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் அவுன்ஸுக்கு 850 டாலர் எட்டிய தங்கம், மீண்டும் அவ்விலையைத் தாண்டியது 2008 ஜனவரியில்தான். ரூபாயின் மதிப்பு இடையில் குறைந்தமையால் நம் நாட்டில் அந்த வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை.

அன்று அது எதை வாங்கும்?

பெட்டியில் பூட்டிய நூறு ரூபாய் நூறாகவே இருக்கும். ஆனால் கடைத் தெருவில் அது சுருங்கிவிடும். இதைக் கணக்கிட எளிய வழி ஒன்றுண்டு. 72 என்ற எண்ணை விலைவாசி உயரும் வீதத்தால் வகுத்தால், விலை இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் விலை ஏறினால் 12 ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகும். 24 ஆண்டுகளில் நான்கு மடங்கு. அப்படியாயின் 24 ஆண்டு கழித்து வரும் 5,000 ரூபாய் ஓய்வூதியம், இன்றைய 1,250 ரூபாய்க்கு வாங்கக் கூடியதையே வாங்கும்.

வட்டியும் நிலையானதன்று. பொதுச் சேம நிதிக்கு 1990-களில் நூற்றுக்கு 12 வட்டி கிடைத்தது. 2020 ஏப்ரலில் அது 7.1 ஆகக் குறைந்தது. ஆதலால், பத்து ஆண்டிற்கு மேல் தொடத் தேவையில்லாத பணத்தில் ஒரு சிறு பகுதியேனும் தொழில் வளர்ச்சியோடு வளரும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்று அறிந்தோர் கூறுவர். கம்பெனிப் பங்குகள் அத்தகையவை. அவற்றின் ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட மும்பைப் பங்குக் குறியீடு, அதே ஆண்டு அக்டோபரில் 9,000-க்கும் கீழே இறங்கிற்று. அன்று அவசரப்பட்டு விற்றவர் பாதிக்கு மேல் இழந்தார். காத்திருந்தவர் 2010 இறுதிக்குள் ஏறக்குறைய முன்னிருந்த நிலையை அடைந்தார். காத்திருக்க இயலாதவருக்கு அந்தச் சந்தை உரியதன்று.

பங்குகளில் இறங்குவோர் தனிக் கம்பெனியைத் தேடி அலைவதைவிட, சந்தைக் குறியீட்டிலுள்ள எல்லாக் கம்பெனிகளையும் சிறிது சிறிதாக வாங்கும் குறியீட்டு நிதிகளை நாடுதல் எளிது. 1976-இல் அமெரிக்காவில் ஜான் போகிள் என்பவர் பொதுமக்களுக்கென முதன்முதலில் இத்தகைய நிதியைத் தொடங்கினார். அவர் வற்புறுத்தியது குறைந்த செலவையே. அதன் பொருளைக் கணக்கால் காணலாம். 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் வளர்ந்தால் 25 ஆண்டில் 10 லட்சத்து 83 ஆயிரமாகும். நிர்வாகச் செலவும் தரகும் ஆண்டுக்கு 2 வீதம் பிடிக்கப்பட்டு 8 வீதமே மிஞ்சினால் 6 லட்சத்து 85 ஆயிரமே கிடைக்கும். மிகுதி இடைநின்றவர் கைக்குப் போய்விடும். தரகரின்றி நேரடியாக வாங்கும் முறை 2013 ஜனவரி முதல் நம் நாட்டிலும் உள்ளது.

கடைசியில் வட்டி

மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின் வட்டியை ஒப்பிடலாம். அப்போதும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மாதம் 2 வட்டி தருவதாக ஒருவர் சொன்னால், ஆண்டுக்கு 24 வீதம். அவர் அதைக் கொடுக்க வேண்டுமாயின் அதற்கு மேலும் ஈட்ட வேண்டும். எந்தத் தறியும் எந்தக் கழனியும் அவ்வாறு ஆண்டு தவறாமல் ஈட்டித் தருவதை நாம் கண்டதில்லை. அப்படியாயின் பிறர் புதிதாகக் கட்டும் பணமே நமக்கு வட்டியாக வருகிறது என்று பொருள். புதியவர் வருவது நின்ற நாளில் அது கவிழும். தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் பல இவ்வாறு கவிழ்ந்ததால் 1997-இல் டிபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2019-இல் ஒழுங்குமுறைக்கு உட்படாத டிபாசிட்டுகளை மத்திய அரசாங்கமே தடை செய்தது. சட்டம் சொத்தை முடக்கலாம். முடக்கியதை விற்றுப் பகிர்ந்தளிக்கப் பல ஆண்டுகள் செல்கின்றன. அறுபது வயதைக் கடந்தவருக்கு அவ்வளவு காலம் ஏது? ஏலச் சீட்டிலும் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதையே நாட வேண்டும். அதுவும் தறி வாங்கவும் திருமணச் செலவிற்கும் உதவுமேயன்றி, முதுமைக்குரிய சேமிப்பாகாது.

இரு கணக்குகள்

நாற்பத்தைந்து வயது நெசவாளர் ஒருவர் மாதம் 2,000 ரூபாய் ஒதுக்குவதாகக் கொள்வோம். பொதுச் சேம நிதியில் 7.1 வட்டி 15 ஆண்டும் நீடித்தால், 60 வயதில் ஏறக்குறைய 6 லட்சத்து 30 ஆயிரம் சேரும். அதை 8.2 வட்டியில் வைத்தால் மாதத்திற்கு 4,300 ரூபாய் அளவில் வரும். விலைவாசி ஆண்டுக்கு 6 வீதம் ஏறியிருந்தால், அது இன்றைய 1,800 ரூபாய்க்கே சமம். இக்கணக்கு மனச்சோர்வைத் தரலாம். ஆயினும் இன்றே அறிவது நன்று. கூலி உயரும்போதெல்லாம் ஒதுக்கும் தொகையையும் உயர்த்த வேண்டும் என்பதும், ஒரு பகுதியைக் குறியீட்டு நிதியில் இடுவது பற்றி எண்ண வேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

அறுபது வயதுக் குடியானவர் ஒருவர் மேட்டு நிலத்தை விற்று 10 லட்சம் பெற்றதாகக் கொள்வோம். 1 லட்சத்தை அவசரத்திற்கென வைத்து, 6 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் இட்டால், 8.2 வட்டியில் காலாண்டுக்கு 12,300 ரூபாய் வரும். மீதி 3 லட்சத்தை ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுத் தவணைகளாகப் பிரித்து, இன்ஷூரன்ஸ் உள்ள பாங்கில் வைத்தால் ஆண்டுதோறும் ஒரு தொகை கைக்கு வரும். இவருக்கு இனிக் கூலி வருவாய் இல்லை. ஆகையால் இழந்தால் மீட்க இயலாத பணத்தைப் பங்குகளில் இடுதல் பொருந்தாது.

செய்ய வேண்டியவை

எந்தக் கணக்காயினும் நியமனதாரர் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். பத்தாண்டு எவரும் தொடாத பாங்கு டிபாசிட் ரிசர்வ் பாங்கின் நிதிக்கு மாற்றப்படுகிறது. வாரிசுகள் பின்னரும் கோரலாம் எனினும் அலைச்சல் மிகும். பாஸ் புத்தகங்கள், ரசீதுகள், பத்திரங்கள் ஆகியவற்றின் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி, வீட்டிலுள்ள பெண்களும் அறியும்படி வைக்க வேண்டும். கணவர் மறைந்தபின் பணம் எங்கே உள்ளது என்று அறியாமல் தவிக்கும் நிலை எந்தக் குடும்பத்திற்கும் வரலாகாது.

அடுத்த முறை ஒருவர் அதிக வட்டி தரும் இடத்தைப் பற்றிச் சொல்லும்போது, உறுப்பினர்கள் இம்மூன்று கேள்விகளையும் முதலில் கேட்பார்களாக. நேரான விடை வராத இடத்தில் பணத்தை வைக்காதிருப்பதே போதிய காப்பு. வரும் பேரவைக் கூட்டத்தில் சங்கத்தின் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கும் முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும்.